இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு என்ன பதில்?

சத்துவாச்சாரி ஹெரால்டு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா நெடுங்காலம் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டு இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறது. தரைத்தகட்டில் சில இடங்களில் துரு பிடித்திருக்கிறது. இதை முறையாகச் சீர்செய்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குள்ளும், அவ்வப்போது ஏலகிரி மலைக்கும் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை.

என்னைத் தயங்க வைப்பது சுற்றியிருப்பவர்களின் பேச்சுதான். அண்மையில் பழைய வண்டி வைத்திருக்கும் சிலர் கோட்டைக்கு அருகில் கூடியபோது நானும் ஹெரால்டை எடுத்துச் சென்றிருந்தேன். அம்பாசடரையும் பத்மினியையும் மரியாதையோடு பார்த்தவர்கள், என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சிரித்தார்கள். ஒருவர் ஜாக்கி போட்டுப் பின்புறத்தைத் தூக்கச் சொல்லி, இரண்டு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்வாங்குவதைக் காட்டி, 'படுக்கப் போகிற மாடு காலை மடக்குவது போல் மடக்குகிறது பார்' என்றார். மற்றொருவர், 'முப்பத்து நாலரைக் குதிரைத் திறனை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் பரம்பரை என்று சொல்கிறாயே, ஷேர் ஆட்டோ உன்னை முந்திவிடும்' என்றார். நல்லெண்ணத்தோடு பேசிய மூன்றாமவர், மாருதி ஆம்னி எஞ்சினை இறக்கி, பின்னால் வேறு வண்டியின் முழு அச்சைப் பொருத்திவிட்டால் நிம்மதியாக ஓட்டலாம் என்று அறிவுரை கூறினார்.

இந்த வண்டி இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு என்று மாமா எப்போதும் சொல்லுவார். அது அவருடைய பாசத்தில் வந்த பேச்சா, உண்மையா? பின்சக்கர அமைப்பு மெய்யாகவே ஆபத்தானதா? எஞ்சினையும் அச்சையும் மாற்றச் சொல்கிறவர்களுக்குச் செவிகொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


காட்பாடி பழைய வண்டிப் பிரியர் எழுதியது:

உங்கள் மாமா சொன்னது முழு உண்மை. இரண்டு கதவு ஹெரால்டை நானும் வைத்திருக்கிறேன் என்பதால் எனக்குச் சார்பு உண்டு. ஆனால் கீழே சொல்பவை என் சார்பினால் மாறக்கூடிய செய்திகள் அல்ல.

நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் சேஸிஸும் (அடிச்சட்டம்) உடலும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல்தகடு செய்து கொடுத்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட்டுப் போட்டு முடுக்கும் வழியை அவர்கள் தேர்ந்தார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த வழியிலிருந்துதான் பின்னால் ஒரு முழு ஸ்போர்ட்ஸ் கார் வரிசை கிளைத்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலாட்டி, டிரையம்ஃப் டி.ஆர்.4-ஐயும் பி.எம்.டபிள்யூ 700-ஐயும் வரைந்த அதே கை.

1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது டிரையம்ஃப் புதிதாக ஒரு சேஸிஸுக்குச் செலவு செய்யவில்லை. ஹெரால்டின் 91.5 அங்குலச் சக்கர இடைவெளியை 83 அங்குலமாகக் குறைத்து, நடு முதுகெலும்பை வைத்துக்கொண்டு, உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் ஓரக் கைகளை நீக்கினார்கள். முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ரேக், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், உங்கள் நண்பர் ஜாக்கி போட்டுச் சிரித்த பின்சக்கர அமைப்பு ஆகிய அனைத்தும் அடிப்படையில் ஹெரால்டினுடையவை. அந்தக் குடும்பத்து ஸ்பிட்ஃபயர்கள் 1965-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1150 சி.சி. பிரிவின் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. முன்சக்கரங்களைத் தாங்கும் நிமிர்வு உறுப்பையும் ஸ்டீயரிங் ரேக்கையும் டிரையம்ஃபிலிருந்தே வாங்கி லோட்டஸ் செவன் காரில் பொருத்தினார்கள். எடை குறைந்த பந்தயக் கார் செய்தவர்கள் தேடிப் போய் வாங்கிய உதிரிகள் இவை என்றால், கேலி செய்கிறவர் அதற்கு என்ன சொல்லுவார்?

நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் இந்த வண்டி உருவானது. அம்பாசடர் வங்காளத்திலிருந்தும், ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில், தமிழ்நாட்டு மண்ணில் தமிழ்த் தொழிலாளர் கைகளால் உருவான கார் இது ஒன்றுதான். 1960-களின் நடுவில் உதிரி பாகங்கள் எல்லாம் உள்நாட்டிலேயே தயாராகும் நிலை வந்துவிட்டது. அந்த மூன்று கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டதும் இதுதான். இந்தியாவில் கடைசி வரை 948 சி.சி. எஞ்சினையே வைத்திருந்தார்கள் என்பது எனக்கும் வருத்தம். இங்கிலாந்தில் 1961-லேயே 1147 சி.சி. எஞ்சின் வந்துவிட்டது. அந்த வருத்தம் அக்கால உரிம முறையின் மீது இருக்கலாம்; வண்டியின் மீது இருக்க நியாயமில்லை.

குதிரைத் திறனைப் பற்றிய கேலிக்கு ஒன்று சொல்கிறேன். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. அம்பாசடரில் உட்கார்ந்து பழகியவர் ஹெரால்டின் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, லாங் பஜார் போன்ற நெரிசலில் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் முன்சக்கரம் ஏறக்குறைய குறுக்கே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். இன்றைக்கு வரும் சின்னக் கார்களே இதனிடம் தோற்றுப்போகும். நேர்க்கோட்டு வேகத்தை மட்டும் வைத்து ஒரு காரை அளப்பவருக்கு இந்த இன்பம் தெரிய வாய்ப்பில்லை.


ராணிப்பேட்டை மெக்கானிக் எழுதியது:

தம்பி, வரலாற்றை மேலே ஒருவர் நன்றாகச் சொல்லிவிட்டார். எனக்கு இது தொழில். சிறு வயதில் ஆற்காட்டில் ஒரு பட்டறையில் தொழில் பழகியபோது டாக்டர்களும் தோல் மண்டிக்காரர்களும் கொண்டுவந்த ஹெரால்டுகளில்தான் கை வைக்கக் கற்றுக்கொண்டேன். ஆகவே பின்சக்கரத்தைப் பற்றி மட்டும் பொறுமையாக எழுதுகிறேன்.

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் முடுக்கப்பட்டிருக்கிறது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கிராஸ் மூட்டு; அந்த மூட்டிலிருந்து சக்கரம் வரை அச்சு; மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். அச்சு அந்த ஒரு மூட்டில் மட்டும் மடங்குவதால், சக்கரம் கீழே இறங்கும்போது அதன் அடிப்பகுதி உள்ளே போகும். மேலே ஏறும்போது அடிப்பகுதி வெளியே வரும். ஜாக்கியில் தூக்கினால் பாரம் நீங்கிச் சக்கரம் தொங்கும். தொங்கினால் உள்வாங்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று சொல்பவருக்கு அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது என்றுதான் பொருள். ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகும் வண்டியின் பின்புறம் சிறிது நேரம் உயரமாகவே நிற்கும். சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டினால் சக்கரங்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். உருட்டாமல் அப்படியே நூல் பிடித்துச் சக்கரம் கோணல் என்று சொல்லி, நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிப்போட்டு வளைத்த பட்டறைகளை நான் கண்டிருக்கிறேன்.

இதே வகை அச்சு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்தது. போர்ஷே 356-இல் இருந்தது. கதவு மேல்நோக்கித் திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலும் இருந்தது. அந்த மெர்சிடிஸைக் கண்டால் கைகட்டி நிற்பவர்கள் ஹெரால்டைக் கண்டு சிரிப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, நடு வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், அல்லது பிரேக்கை மிதித்தால், பாரம் முன்னே போய்ப் பின்புறம் எழும்பும், எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், மடங்கினால் டயரின் ஓரம் மட்டுமே தரையைப் பிடிக்கும், வால் விலகிவிடும். இதைத் தவிர்க்கும் முறை எளிமையானது. வளைவுக்கு முன்னாலேயே நேர்ச் சாலையில் வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிட வேண்டும்; வளைவு முடியும் வரை ஆக்சிலரேட்டரில் மெல்லிய அழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பின்டயரில் முன்டயரைவிட ஐந்து பவுண்டு அளவுக்கு அதிகமாகக் காற்று இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றுக் கடைகளில் நான்கு சக்கரத்துக்கும் முப்பது முப்பது என்று அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று நீங்களே சொல்லி அடிக்க வேண்டும். டிரையம்ஃப் நிறுவனமே 1970-இல் ஸ்பிட்ஃபயர் நான்காம் மாடலில், நடுவில் சற்று ஆட இடம் கொடுக்கும் பட்டை ஸ்பிரிங்கைப் போட்டு இந்தக் குணத்தைப் பெருமளவு அடக்கிவிட்டது. அந்த ஸ்பிரிங் ஹெரால்டிலும் உட்காரும். ஆனால் அதைப் போட்டால் முன்னால், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கனமான ஆன்ட்டி-ரோல் பாரும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்றை மட்டும் போடுவது தவறு. உங்கள் ஓட்டத்துக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் முன்சக்கரம். நிமிர்வு உறுப்பின் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அது ட்ரனியன் என்ற பித்தளை நிறத்து வெண்கல உறுப்புக்குள் திருகி உட்காரும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழல்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடவே கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, காய்ந்து கட்டியாகிவிடும், மழைத் தண்ணீர் அடியில் தங்கி இரும்பு மரையை அரித்துவிடும். அப்புறம் ஒரு நாள் குறைந்த வேகத்தில் திருப்பும்போதே நிமிர்வு உறுப்பு முறிந்து சக்கரம் படுத்துவிடும். 'ஹெரால்டு நடுரோட்டில் காலை விட்டுவிடும்' என்று வடஆற்காட்டில் பரவிய கெட்ட பெயரில் பாதி இந்தக் கிரீஸால் வந்தது. ஒரு கிரீஸ் கன்னைக் கழுவித் துடைத்து, அதில் 90 ஆயிலை நிரப்பி, ட்ரனியனில் உள்ள பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, மேல் சீல் வழியாக ஆயில் கசியும் வரை அடியுங்கள். முதலில் பழைய அழுக்குக் கறுப்பாக வெளிவரும். தெளிந்த ஆயில் வந்ததும் நிறுத்தலாம். அழுக்கோடு செந்துருத் தூளும் வந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் கழற்றி மரையைப் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சினுக்கு ஒரு சோதனை. ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளட்ச்சை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் அப்படி நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். அதை அலட்சியப்படுத்தினால் வாஷர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்து, கிராங்க்கும் பிளாக்கும் உராய்ந்து எஞ்சினே வீணாகிவிடும். நேரத்தோடு மாற்றினால் செலவு சிறியது. இந்த ஹெரால்டில் பானட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இப்படி ஒரு வசதியை வேறெந்த வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை.


குடியாத்தம் பத்மினி எழுதியது:

வணக்கம். நான் ஹெரால்டுக்காரன் அல்லன். என் வீட்டில் இருப்பது பிரீமியர் பத்மினி. ஒருவருடைய வண்டியை எதிரில் வைத்துக்கொண்டு சிரிப்பது அநாகரிகம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் ஏலகிரிக்கு ஓட்டிப் போகும் எண்ணம் இருப்பதால், மேலே உள்ள பதில்களில் விடுபட்டதைச் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ஹெரால்டிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் முதல் ஸ்பிட்ஃபயரிலேயே 1147 சி.சி. எஞ்சினும், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும், 63 குதிரைத் திறனும், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. நம் ஊர் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். இது பத்மினிக்கும் பொருந்தும். உடல்தகடுகள் போல்ட்டுப் போட்டு இணைந்திருப்பதால், ரப்பர்கள் காய்ந்த வண்டியில் ஓசையும் மழைநீர்க் கசிவும் கட்டாயம் இருக்கும். சேஸிஸின் ஓரக் கைகள் துருப்பிடித்தால் கதவு தொங்கி, சாத்தும்போது தூக்கிச் சாத்த வேண்டி வரும். கதவு அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிங்கரிங் செலவுக்கு முன்பாகச் சேஸிஸ் செலவு காத்திருக்கிறது. பெயிண்டு அடித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகுந்த வேதனை தரும்.

மற்றபடி, ஹெரால்டின் உட்புறத்தில் சுற்றிலும் கண்ணாடியாக, வெளியே எதையும் மறைக்காமல் இருக்கும் அந்த வெளிச்சம் எனக்கு எப்போதும் பொறாமை தந்த ஒன்று.


திருப்பத்தூர் மலைப்பாதை எழுதியது:

குடியாத்தம் நண்பர் கூறியவற்றில் தவறில்லை. டிரம் பிரேக்குக்கு உரிய முறையில் இறங்கினால் போதும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நான் இருப்பது ஏலகிரிக்கு அடிவாரத்துக்கு அருகில். என்னிடமும் இரண்டு கதவு ஹெரால்டு உண்டு. அதை மலைக்கு ஓட்டாத மாதம் அரிது.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புதிய பெரிய கார்கள் ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டு திரும்புவதை நாள்தோறும் பார்க்கிறேன். ஹெரால்டு தன் பக்கத்திலேயே, உள் ஓரத்தை ஒட்டி, இரண்டாம் கியரில் வளைந்து ஏறிவிடும். வேகம் என்று பார்த்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். ஓடும்போது கியர் எளிதாக விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது என்பதால், ஏற்றத்தில் நின்றுவிடாமல் இரண்டாம் கியரிலேயே வேகத்தைக் காத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஓர் அழுத்து அழுத்தி விட்டுவிடலாம். ராணிப்பேட்டை ஐயா சொன்ன பின்சக்கர முறைக்கும் இதுவே பொருந்தி வருகிறது.

எங்கள் பகுதியின் வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, நெடுஞ்சாலையில் ஓடி வந்து சுங்கச்சாவடியில் நின்றால் சில ஹெரால்டுகள் இருமி அணைந்துவிடும். பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருப்பதால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பானட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் ஓடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ரேடியேட்டரைக் கழற்றி உள் குழாய்களைச் சுத்தம் செய்து, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் போகாதபடி நகர்த்திக் கட்டுங்கள். அதைச் செய்த பிறகு என் வண்டி கோடையில் எங்கும் நின்றதில்லை.

இன்னொன்றும் மனத்தில் இருப்பதால் எழுதிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரில் இறக்குமதியாகி வரும் பழைய வண்டியை வாங்க நம்மைப் போன்றவர்களால் இயலாது. ஓர் ஆசிரியரோ, கடை வைத்திருப்பவரோ தம் சம்பாத்தியத்தில் வாங்கி, தம் கையாலேயே பராமரித்து, மலையேறி இறங்கி மகிழக்கூடிய ஒரே மிகெலாட்டி கார் இதுதான். இவ்வளவு காலமாக நடக்கும் ஏளனம்தான் இதன் விலையை எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறது. அந்த ஏளனத்தை நம்பி எத்தனை நல்ல வண்டிகள் எடைக்குப் போய்விட்டன என்பதை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.


ஆற்காடு வழக்கறிஞர் எழுதியது:

ஆம்னி எஞ்சின் யோசனையைப் பற்றிச் சட்டப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். எஞ்சினை மாற்றுவது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்கீழ் வரும் மாற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றிச் செய்தால் ஆர்.சி.யும் காப்பீடும் சிக்கலுக்கு உள்ளாகும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனப் பதிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல நிலையில் பேணப்பட்டு, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கே அந்தத் தகுதி உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். உங்கள் 1966 வண்டிக்கு வயது கூடிவிட்டது. எஞ்சினையும் அச்சையும் மாற்றினால் இந்தத் தகுதியை நீங்களே உதறுகிறீர்கள்.

ஆனால் அவசரப்பட்டு விண்டேஜ் பதிவுக்கும் போய்விட வேண்டாம். அந்தப் பதிவில் உள்ள வண்டியை வழக்கமான ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காகவே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் ஓட்டவும் ஏலகிரி போகவும் விரும்பும் உங்களுக்கு, இப்போதுள்ள ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே பொருத்தம். வண்டியை மூல நிலையில் வைத்திருந்தால் விண்டேஜ் வழி எப்போதும் திறந்தே இருக்கும்.


சத்துவாச்சாரி ஹெரால்டு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நேற்று மாலை பானட்டைத் திறந்து ராணிப்பேட்டை ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். என் தங்கை கிளட்ச்சை அழுத்த, கிராங்க் புல்லி அசையாமல் நின்றது. கதவும் தொங்கவில்லை, ஆனால் ட்ரனியன் இரண்டிலும் கறுத்துக் காய்ந்த கிரீஸ்தான் இருக்கிறது. எஞ்சின் மாற்றும் பேச்சு இத்துடன் முடிந்தது. ட்ரனியன் வேலை முடியும் வரை வண்டியை வெளியே எடுப்பதாக இல்லை.

ஐயா, மரை அரித்திருந்தால் புது நிமிர்வு உறுப்பு இப்போது கிடைக்குமா? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் தேடுவது நல்லதா, இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதா?


ராணிப்பேட்டை மெக்கானிக் எழுதியது:

தம்பி, நிமிர்வு உறுப்பில் மட்டும் பழைய சரக்கை நம்ப வேண்டாம். புதுப்பேட்டையில் கிடைப்பது இன்னொரு வண்டியில் கிரீஸ் தின்று தேய்ந்ததாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள் என்பதால் அந்த உறுப்பு கிடைப்பதில் தட்டுப்பாடு இல்லை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை திசை வேறு என்பதால் ஒரு ஜோடியாகவே கேளுங்கள். கூடவே நைலான் புஷ்ஷும் சீலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு வளையம், டிக்கிப் பூட்டு போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை போகலாம். ஆனால் இந்திய வண்டியின் சில தகடுகளும் அலங்காரப் பட்டைகளும் இங்கிலாந்து வண்டியிலிருந்து மாறுபடும், பழைய உறுப்பைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டுப் பார்த்தே காசு கொடுங்கள்.

முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாம். கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் மரை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மரையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றியாக வேண்டும். கழற்றும் முன் ஸ்பிரிங்கை கம்ப்ரெஸர் போட்டுக் கட்டாமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.